அச்சம் அகன்ற முகங்கள்: ஒலிம்பிக் விழாவும் திபெத்திய விவரணப்படமொன்றும்

விளையாட்டு வேறு, அரசியல் வேறு என்னும் கூற்று, சர்வதேச விளையாட்டு விழாக்கள் நடைபெறும் காலங்களிலெல்லாம் தவறாது எடுத்துரைக்கப்படுவதொன்றாகும். விழாவை நடத்தும் அரசு இதனைக் கூறும். விழாவுக்குப் பொறுப்பான அமைப்பும் கூறும். பங்குபற்றும் நாடுகள் பலவும் அதனையே வழிமொழியும். கேட்பதற்கு இக்கூற்று நியாயமானதாகவே தோன்றும். ஓடுபவனின் கால்களுக்கும் நீந்துபவளின் கைகளுக்கும் அரசியல் ஏது என்ற வினா எளிதில் ஒதுக்கிவிடக் கூடியதன்று. ஆயின், இக்கூற்றை யார், எவ்வேளையில், எதனை மறுக்கும் பொருட்டுக் கூறுகின்றனர் என்று நோக்கும்போதே அதன் உண்மையான இயல்பு புலப்படும்.

நவீன ஒலிம்பிக் விழாவின் வரலாறே இதற்குச் சான்றாகும். 1936 ஆம் ஆண்டு பேர்லினில் நடைபெற்ற விழாவை ஹிட்லரின் அரசு தன் புகழ் பரப்பும் அரங்காக ஆக்கிக்கொண்டது. தொன்மையான கிரேக்க மரபென இன்று பலராலும் கருதப்படும் சுடரோட்டம், ஒலிம்பியாவிலிருந்து நாடுகள் கடந்து விழா நகரை அடையும் வடிவில், அவ்வாண்டிலேயே முதன்முதலாக நடத்தப்பட்டது. அதனைத் திட்டமிட்டவர் விழா ஏற்பாட்டுக் குழுவைச் சேர்ந்த கார்ல் டீம் என்பவராவர். அவ்விழாவைப் பொருளாகக் கொண்டு லெனி ரீபென்ஸ்ரால் உருவாக்கி 1938 இல் வெளியான 'ஒலிம்பியா' என்னும் படம் தொழில்நுட்பச் சிறப்பினால் இன்றும் பேசப்படுவது. மனித உடலின் வனப்பை வியந்து போற்றிய அப்படத்தில், அக்காலத்து ஜேர்மனியில் குடியுரிமை பறிக்கப்பட்டிருந்த யூதரின் வாழ்வுக்கு இடமிருக்கவில்லை. மறுபுறத்தில், இனவொதுக்கற் கொள்கை காரணமாகத் தென்னாபிரிக்கா 1964 ஆம் ஆண்டு தோக்கியோ விழாவிலிருந்து விலக்கப்பட்டு, 1992 இல் பார்சிலோனா விழாவிலேயே மீளவும் பங்குபற்ற முடிந்தது. வேண்டியபோது அறத்தீர்ப்பு வழங்கவும், வேண்டாதபோது அரசியல் தமக்குரியதன்று என ஒதுங்கிக்கொள்ளவும் ஒலிம்பிக் நிர்வாகத்தினால் முடிந்திருக்கிறது. ஆகவே விளையாட்டும் அரசியலும் வெவ்வேறென்பதை ஒரு மெய்ம்மையாகக் கொள்வதிலும் ஒரு கருத்துநிலையாகக் கொள்வதே பொருந்தும்.

இக்கருத்துநிலையைத் திபெத்திய மக்களின் நிலையில் நின்று சோதித்த படைப்பொன்று 2008 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 'அச்சத்தைப் பின்னே விட்டு' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரால் உலகில் அறியப்பட்ட அவ்விவரணப்படம், திபெத்திய மொழியில் 'ஜிக்திரெல்', அதாவது அச்சமின்மை, என வழங்கப்படுகின்றது. இருபத்தைந்து நிமிடங்களே ஓடும் இப்படத்தை எடுத்தவர் திரைப்படக் கல்வி எதுவும் பெறாத தொண்டுப் வாங்சென் என்னும் திபெத்தியர். அவருக்குத் துணைநின்றவர் கொலொக் ஜிக்மே என்னும் பிக்கு. கலைப்படைப்பு என்ற வகையிலும் வரலாற்றுச் சான்று என்ற வகையிலும் இப்படத்தை மதிப்பிட்டு, சர்வதேச விளையாட்டு விழாவொன்று ஒரு மக்கட் கூட்டத்தின் உரிமையோடு எவ்வாறு தொடர்புறுகின்றது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பின்னணி

படத்தை விளங்கிக்கொள்வதற்கு அதன் வரலாற்றுப் பின்னணி சுருக்கமாகவேனும் அறியப்படுதல் வேண்டும். 1950 ஒக்டோபரில் சீனப் படைகள் கிழக்குத் திபெத்தின் சாம்தோப் பகுதியுட் புகுந்தன. 1951 மே 23 ஆந் திகதி பதினேழு அம்ச உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. 1959 மார்ச் 10 ஆந் திகதி லாசாவில் மூண்ட எழுச்சி அடக்கப்பட்டது. தலாய் லாமா இந்தியாவிற் புகலடைந்தார். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1959, 1961, 1965 ஆகிய ஆண்டுகளில் திபெத்திய மக்களின் அடிப்படை உரிமைகள் தொடர்பாக மூன்று தீர்மானங்களை நிறைவேற்றியது. அவற்றுள் 1961 ஆம் ஆண்டுத் தீர்மானம் சுயநிர்ணய உரிமையையும் குறிப்பிட்டது. அதன் பின்னர் பொதுச்சபையில் அத்தகைய தீர்மானமெதுவும் நிறைவேறவில்லை.

திபெத் எனும்போது 1965 இல் அமைக்கப்பட்ட திபெத் தன்னாட்சிப் பிரதேசத்தை மட்டுமே பலர் கருதுவர். உண்மையில் திபெத்திய மக்களுள் ஏறத்தாழ அரைவாசிப் பேர் அதற்கு வெளியே சிங்ஹாய், கான்சு, சிச்சுவான், யுனான் ஆகிய மாகாணங்களில் வாழ்கின்றனர். மரபுவழித் திபெத்தின் வடகிழக்குப் பகுதியாகிய அம்தோ பெரும்பாலும் சிங்ஹாய் மாகாணத்துள் அடங்கியுள்ளது. மேய்ச்சல் வாழ்வுக்கும் மடாலயக் கல்விக்கும் பெயர்பெற்ற நிலம் அது. வாங்சென் பிறந்ததும் படத்தின் பெரும்பகுதி எடுக்கப்பட்டதும் அம்தோவிலேயே. லாசாவைக் கடந்து பரந்து கிடக்கும் திபெத்திய உலகொன்று உண்டென்பதை உணர்த்துவதே இப்படத்தின் முதற்பயன் எனலாம்.

2001 யூலை 13 ஆந் திகதி மொஸ்கோவிற் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு 2008 ஆம் ஆண்டு விழாவைப் பீஜிங் நகருக்கு வழங்கியது. விழா கிடைக்குமாயின் மனித உரிமைகளின் வளர்ச்சிக்கு அது துணைபுரியும் என்றும், செய்தியாளருக்கு முழுச் சுதந்திரம் அளிக்கப்படும் என்றும் பீஜிங் தரப்பினர் அவ்வேளையிற் கூறினர். இவ்வாக்குறுதிகள் எத்துணைத் தூரம் சட்டவலு உடையன என்பது வேறு பிரச்சினை. இங்கு கருதத்தக்கது யாதெனில், மனித உரிமையை விழாவோடு முதலிற் பிணைத்தவர்கள் விழாவைக் கேட்டுநின்றவர்களே என்பதாகும். ஏழாண்டுகளின் பின்னர் அதே பிணைப்பைத் திபெத்தியர் சுட்டிக்காட்டியபோது, விளையாட்டில் அரசியலைப் புகுத்துவதாக அவர்கள்மேற் குற்றஞ் சுமத்தப்பட்டது.

படம் உருவான வகை

1974 ஆம் ஆண்டிற் பிறந்த வாங்சென் முறையான பள்ளிக் கல்வி பெறாதவர். படப்பிடிப்பைத் தொடங்குமுன் தம் மனைவியையும் பிள்ளைகளையும் பெற்றோரையும் இந்தியாவுக்கு அனுப்பிவைத்தார். நேரக்கூடியது யாதென்பதை அவர் முன்னரே அறிந்திருந்தார் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. 2007 ஒக்டோபர் முதல் 2008 மார்ச் வரை, குளிர்காலம் முழுவதும், அவரும் கொலொக் ஜிக்மேயும் அம்தோவின் ஊர்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் பயணஞ் செய்து 108 பேரின் செவ்விகளைப் பதிவு செய்தனர். பௌத்த செபமாலையின் மணிகளும் 108 என்பது திபெத்தியப் பார்வையாளர் எவருக்கும் நினைவுக்கு வரக்கூடியதே. பதிவுகள் ஏறத்தாழ நாற்பது மணி நேரம் நீண்டன. அவை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லப்பட்டு, சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த அவருடைய உறவினரொருவரால் தொகுக்கப்பட்டு, ஏறத்தாழ இருபது பேரின் கூற்றுகளைக் கொண்ட சிறிய படமாக உருப்பெற்றன.

பதிவுகள் வெளியேறிய அதே நாட்களில், 2008 மார்ச் 10 ஆந் திகதி லாசாவில் தொடங்கிய எதிர்ப்பு 14 ஆந் திகதி வன்செயலாக மாறிப் பின் திபெத்தியப் பகுதிகள் பலவற்றுக்கும் பரவியது. மார்ச் 23 ஆந் திகதி கொலொக் ஜிக்மேயும் 26 ஆந் திகதி வாங்செனும் கைது செய்யப்பட்டனர். படைத்தவர் சிறையிலிருக்க, அவர் இறுதி வடிவிற் காணாத படம் ஓகஸ்ட் மாதத்தில், விழா தொடங்கும் வேளையில், பீஜிங்கிலேயே வெளிநாட்டுச் செய்தியாளர் சிலருக்கு இரகசியமாகத் திரையிடப்பட்டது. திபெத்தியர் பீஜிங்குக்குச் சென்று தம் கருத்தைக் கூறுதல் அரிது. ஆதலாற்றான் அவர்களது உள்ளக் கிடக்கையைப் படமாக்க முற்பட்டதாக வாங்சென் படத்திலே கூறுகின்றார். மனிதர் செல்லவியலாத இடத்துக்கு அவர்தம் முகமும் குரலும் சென்றன.

முகமும் மொழியும்

படத்தின் அமைப்பு மிக எளிமையானது. தம்மைக் கல்வியறிவற்றவரென அறிமுகஞ் செய்துகொண்டு வாங்சென் கமெராவை நோக்கிப் பேசுகின்றார். அதன் பின் ஒருவர்பின் ஒருவராக மக்கள் பேசுகின்றனர். முதியோர், இளைஞர், பிக்குகள், உழவர், மேய்ப்பர் எனப் பல நிலைப்பட்டோர் இவர்களுள் அடங்குவர். முகத்தை மறைத்துப் பதிவு செய்யலாம் எனக் கூறப்பட்டபோதும் பலர் அதனை வேண்டாது வெளிப்படையாகவே தோன்றினர். ஒளியமைப்பின் நுட்பமோ கமெராவின் அசைவழகோ இங்கு தேடப்படத்தக்கனவல்ல. சட்டகம் ஆடுகின்றது; ஒலி ஓரிடத்திற் போல இன்னோரிடத்தில் இல்லை. கைதேர்ந்த தொழிலாளர் பார்வையிற் குறையாகத் தோன்றும் இவை, படம் எடுக்கப்பட்ட நிலைமையின் அடையாளங்களாகவே நின்று, பேசுவோரின் சொல்லுக்கு நம்பகத்தன்மையை அளிக்கின்றன.

பேசப்படும் பொருள்களை நான்காக வகுத்து நோக்கலாம். ஒலிம்பிக் விழா, குடியேற்றமும் மேய்ச்சல் நிலமும், மொழியும் பண்பாடும், தலாய் லாமாவின் வருகை என்பன அவை. இவை தனித்தனிப் பிரச்சினைகளாகப் படத்தில் நிற்கவில்லை. மேய்ச்சல் நிலத்தை விட்டு வீட்டுத் தொகுதிகளிற் குடியேற்றப்பட்ட மேய்ப்பர்க்கு மந்தை மட்டுமன்றி மந்தையோடு கூடிய சொற்களும் இழப்பாகின்றன. வெளியிலிருந்து வருவோர் தொகை பெருகச் சந்தையிலும் அலுவலகத்திலும் தாய்மொழியின் பயன் குறைகின்றது. நிலம், மொழி, சமயம் ஆகியன ஒன்றோடொன்று பின்னிய வாழ்க்கைமுறையொன்று குலைவுறுவதைப் பேசுவோர் கோட்பாட்டுச் சொல்லெதுவுமின்றி உணர்த்திவிடுகின்றனர்.

விழாவைப் பற்றிய கூற்றுகளே இங்கு சிறப்பாக ஆராயத்தக்கன. பேசுவோர் விளையாட்டை வெறுப்பவர்களல்லர். விழா சமாதானத்தையும் சுதந்திரத்தையும் குறிப்பதாயின், அவ்விரண்டும் தமக்கு இல்லாதபோது அதிலே தாம் மகிழ்வது எவ்வாறு என்பதே அவர்களது வினா. நிலைமை சீர்ப்படும் என்ற எதிர்பார்ப்பில் விழா வழங்கப்பட்டதென்றும், வழங்கப்பட்ட பின்னர் அடக்குமுறை மிகுந்ததேயன்றிக் குறையவில்லை என்றும் கூறுவோரும் உளர். ஒலிம்பிக் சாசனம் மனித மாண்பைப் பேணும் அமைதியான சமுதாயமொன்றை வளர்ப்பதே விளையாட்டின் குறிக்கோள் எனக் கூறுகின்றது. அச்சாசனத்தை ஒருபோதும் வாசித்திராத மேய்ப்பர்கள் அதன் உட்கருத்தை அதன் காவலர்களுக்கே நினைவூட்டுவதாக இப்பகுதி அமைந்துள்ளது. அவர்கள் புதிதாக ஓர் அரசியலை விழாவினுட் புகுத்தவில்லை. விழா தானே கூறிக்கொண்ட பொருளை அதனிடம் திருப்பிக் கேட்கின்றனர்.

படத்தின் உணர்ச்சி உச்சமாகக் கொள்ளத்தக்க காட்சி வேறொன்று. 2007 ஒக்டோபர் 17 ஆந் திகதி தலாய் லாமாவுக்கு ஐக்கிய அமெரிக்கக் காங்கிரசின் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. அந்நிகழ்ச்சியின் பதிவை ஊரவர் தொலைக்காட்சியிற் பார்க்கின்றனர். கமெரா திரையை விட்டுப் பார்ப்போர் முகங்களை நாடுகின்றது. பதக்கம் என்ற சொல் ஒலிம்பிக் ஆண்டில் எல்லோர் வாயிலும் அடிபட்டதொன்று. இங்கோ ஓடியும் தாண்டியும் பெறாத ஒரு பதக்கத்தைக் கண்டு, தம் நாட்டில் அவரது படத்தை வெளிப்படையாக வைத்துக்கொள்ளவும் இயலாத மக்கள் நெகிழ்கின்றனர். எவ்வித விளக்கவுரையுமின்றி நிற்கும் இக்காட்சி, நெடிய அரசியல் விரிவுரையொன்று செய்யக்கூடியதிலும் கூடுதலாகச் செய்துவிடுகின்றது.

தமிழ்க் கவிதையியல் முகத்தையும் உடலையும் உள்ளத்தின் வெளிப்பாடாகக் கொண்டு மெய்ப்பாட்டை ஆராய்ந்தது. தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சமும் பெருமிதமும் இடம்பெறுகின்றன. அச்சத்துக்குரிய நிலைக்களன்களாக அவர் கூறுவன அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கு. ஆள்வோனும் அச்சத்தின் காரணங்களுள் ஒன்றாக வைத்தெண்ணப்பட்டமை கருதத்தக்கது. பெருமிதத்துக்குக் கூறப்படுவன கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பன. இவ்வகுப்பைக் கருவியாகக் கொண்டு நோக்கின் 'ஜிக்திரெல்' என்னும் பெயரின் பொருத்தம் தெளிவாகும். தம் இறையால் விளைந்த அச்சம் இம்முகங்களில் முற்றாக மறைந்துவிடவில்லை. கண்கள் ஒரு கணம் கதவை நாடுவதும் சொல் இடையிலே தயங்குவதும் உண்டு. ஆயின் அதன்மேற் பெருமிதம் மெல்ல எழுகின்றது. கல்வியும் இசைமையும் அம்மனிதர் பலருக்கு வாய்க்காதன. எஞ்சிய தறுகணும் கொடையும் அவர்களிடம் உள்ளன. தம் முகத்தையே கொடையாக அளித்தமை எளிய கொடையன்று. அச்சம் பெருமிதமாக மாறும் இவ்வியக்கமே படத்தின் உள்ளார்ந்த கட்டமைப்பாகும்.

இரு காட்சிகள்

இவ்விவரணப்படத்தின் மதிப்பை உணர்வதற்கு அதே ஆண்டில் உலகுக்குக் காட்டப்பட்ட மற்றைய காட்சியையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். ஓகஸ்ட் 8 ஆந் திகதி நடைபெற்ற தொடக்க விழாவிற் சீனாவின் 56 இனங்களையும் குறிக்கும் உடைகள் அணிந்த சிறுவர் தேசியக் கொடியை ஏந்தி வந்தனர். அவர்கள் அவ்வவ்வினத்தைச் சேர்ந்தோரல்லர், பெரும்பாலும் ஹான் இனத்தவரே என்பது பின்னர் வெளிவந்தது. நிகழ்ச்சிகளில் அவ்வாறு செய்வது வழமையே என ஏற்பாட்டாளர் விளக்கம் கூறினர். நாடக அரங்கில் ஒருவர் இன்னொருவராக நடிப்பது குற்றமன்று. ஆனால் இனங்களின் ஒற்றுமைக்குச் சான்றாக முன்வைக்கப்பட்ட காட்சியில் அவ்வினங்களின் உடை மட்டும் போதுமாயிருந்து ஆள் வேண்டப்படாதிருந்தமை, சான்று எதற்குச் சான்றாயிற்று என்ற வினாவை எழுப்புகின்றது. விழாவின் ஐந்து சின்னங்களுள் ஒன்று திபெத்திய மறிமான். விழாச் சுடர் மே 8 ஆந் திகதி எவரெஸ்ற் சிகரத்துக்குக் கொண்டு செல்லப்பட்டபோது உச்சியில் அதனை இறுதியாக ஏந்தியவர் ஒரு திபெத்தியப் பெண். எனவே திபெத் விழாவில் இல்லாமற் போகவில்லை. உடையாகவும் விலங்காகவும் மலையாகவும் சிரிக்கும் முகமாகவும் அது நிறைந்தே இருந்தது. பேசும் வாயாக மட்டும் அதற்கு இடமிருக்கவில்லை.

எதிர்ப்புத் தெரிவிக்க விரும்புவோருக்கெனப் பீஜிங்கில் மூன்று பூங்காக்கள் ஒதுக்கப்பட்டன. அதன்பொருட்டு 77 விண்ணப்பங்கள் கிடைத்தன என அரச செய்தி நிறுவனமே அறிவித்தது. அவற்றுள் ஒன்றேனும் அனுமதிக்கப்படவில்லை. உரிமை ஏட்டில் இருப்பதற்கும் நிலத்தில் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

அதே ஆண்டில் ஏப்பிரல் மாதத்தில் இலண்டன், பாரிஸ், சான் பிரான்சிஸ்கோ ஆகிய நகரங்களிற் சுடரோட்டத்துக்கெதிராக எழுந்த ஆர்ப்பாட்டங்களும் இங்கு கருதப்படவேண்டியன. பாரிசிற் சுடர் பலமுறை அணைக்கப்பட்டு வாகனத்தில் ஏற்றிச் செல்லப்பட்டது. ஆங்கே சக்கர நாற்காலியிலிருந்த சீன வீராங்கனை சின் சிங் தம் கையிலிருந்த சுடரை ஆர்ப்பாட்டக்காரரிடமிருந்து காத்துக்கொண்ட காட்சி சீன மக்களிடையே பெருஞ் சினத்தைக் கிளப்பியது. திபெத்தியரின் நியாயமான கோரிக்கை, சீன மக்களின் மனம் புண்பட்ட கதையாக மாற்றப்படுவதற்கு அந்த ஒரு காட்சியே போதியதாயிற்று. இவ்விடத்திற்றான் வாங்செனின் படம் வேறுபடுகின்றது. அதில் எவரும் எவரையும் தள்ளவில்லை. எவரது கையிலிருந்தும் எதுவும் பறிக்கப்படவில்லை. அமர்ந்திருந்து பேசுகின்ற மனிதரை எதிரியாகச் சித்திரித்தல் அரிது. கலை நயம் குறைந்த இப்படத்தின் அரசியல் நயம், பெருநகரத்து ஆர்ப்பாட்டத்தினதைவிட உயர்ந்தது எனக் கூறுதல் மிகையாகாது.

படத்தின் வரையறைகள்

சார்பு காரணமாகக் குறைகளைக் காணாது விடுதல் திறனாய்வாகாது. 108 பேருள் ஏறத்தாழ இருபது பேரே இறுதிப் படத்தில் இடம்பெற்றனர். தெரிவு புலம்பெயர்ந்த ஒருவரால் வெளிநாட்டிற் செய்யப்பட்டது. அரச சேவையிலிருந்து பயனடைந்த திபெத்தியர் யாது நினைக்கின்றனர், அவர்களுடன் அயலிலே வாழும் ஹான் மக்களும் முஸ்லிம்களும் யாது நினைக்கின்றனர் என்பதை இப்படத்திலிருந்து அறிதல் இயலாது. படப்பிடிப்பு மார்ச் மாத நிகழ்வுகளோடு முடிவுற்றமையால் லாசாவில் 14 ஆந் திகதி கடைகள் எரிந்து ஹான் இனத்துப் பொதுமக்களும் உயிரிழந்தமையும், அதன் பின்னர் திபெத்தியர்மீது நடத்தப்பட்ட துப்பாக்கிப் பிரயோகமும் கைதுகளும் இதிற் பதிவாகவில்லை. 2008 ஆம் ஆண்டின் முழு வரலாறாக இதனைக் கொள்வோர் ஏமாற்றமடைவர்.

சீன அரசின் தரப்பு வாதமும் எடைபோடப்படுதல் தகும். பழைய திபெத்திற் பண்ணையடிமை முறையும் பிரபுக்களினதும் மடாலயங்களினதும் நிலவுடைமையும் இருந்தன என்பது மறுக்கத்தக்கதன்று. 2006 யூலை முதலாந் திகதி தொடங்கிய புகையிரதப் பாதை லாசா வரை சென்றது. வீதிகளும் வைத்தியசாலைகளும் பெருகின. பொருளாதார முன்னேற்றத்தை வலியுறுத்தும் எவரும் இவற்றை அலட்சியஞ் செய்யலாகாது. ஆயினும் படத்திற் பேசுவோர் பழைய நிலவுடைமையை மீளக் கோரவில்லை. புகையிரதம் வேண்டாம் என்பதும் அவர்களது வாதமன்று. தம் நிலத்தில் யாது நிகழவேண்டும் என்பதைத் தீர்மானிப்பதிற் தமக்குப் பங்கில்லை என்பதே அவர்களது முறைப்பாடு. வீதி அமைத்தமையை இம்முறைப்பாட்டுக்கு விடையாகக் கூறுதல், வினவாத வினாவுக்கு விடை கூறுவதாகும்.

தெரிவில் ஒருபக்கச் சார்பு உண்டென்ற குறையையும் அதன் சூழலில் வைத்தே மதிப்பிடல் வேண்டும். மறுதரப்பின் கருத்தை வெளியிடத் தொலைக்காட்சி, செய்தித்தாள், தொடக்க விழா, சுடர் ஆகிய யாவும் இருந்தன. இத்தரப்புக்கு ஒரு சிறு கமெராவே இருந்தது. ஒரு தராசின் ஒரு தட்டு ஏற்கெனவே நிறைந்திருக்க, மற்றத் தட்டில் இடப்பட்ட சிறு கல்லைச் சமனற்றதென்று பழித்தல் முறையன்று. படத்தின் சார்பைக் குறை கூறுவோர், முழுமையான படமொன்றைச் சுதந்திரமாக எடுப்பதற்கு அனுமதி எங்கே கிடைத்திருக்கும் என்பதையும் கூறக் கடமைப்பட்டவராவர்.

விழாவுக்குப் பின்

ஒரு படைப்பின் பெறுமதி அதற்குக் கொடுக்கப்பட்ட விலையால் நிர்ணயிக்கப்படுவதில்லை. எனினும் இப்படத்தைப் பொறுத்தவரை விலையும் பொருளின் ஒரு பகுதியாகிவிட்டது. குடும்பத்தார் அமர்த்திய சட்டத்தரணி வழக்கிலிருந்து தடுக்கப்பட்டார். இரகசிய விசாரணையின் பின்னர் 2009 டிசெம்பரில் வாங்செனுக்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சிறையில் அவர் ஈரலழற்சி நோய்க்கு உட்பட்டார். தரம்சாலாவில் அவருடைய மனைவி பாண் சுட்டு விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். கொலொக் ஜிக்மே மீண்டும் மீண்டும் கைதாகி, 2012 இல் தப்பி, 2014 இல் இந்தியாவை அடைந்தார். வாங்சென் 2014 யூன் 5 ஆந் திகதி விடுதலையானார். 2017 டிசெம்பரில் நாட்டைவிட்டுத் தப்பி ஐக்கிய அமெரிக்காவை அடைந்தார். 25 நிமிடப் படமொன்றுக்கு ஆறாண்டுச் சிறை விதிக்கப்பட்டமை, படத்திற் பேசியோர் அச்சத்துக்குக் காட்டிய காரணம் கற்பனையன்று என்பதை அரசே உறுதிப்படுத்தியதாக அமைந்தது.

2012 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் இலண்டன் ஒலிம்பிக்கில் மகளிர் 20 கிலோமீற்றர் வேகநடைப் போட்டியிற் சோயாங் கீ என்னும் திபெத்திய வீராங்கனை மூன்றாமிடம் பெற்றார். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் திபெத்தியர் அவரே. அவருக்கு முன்னே வந்த இரசிய வீராங்கனைகள் இருவரும் ஊக்கமருந்துக் குற்றத்துக்காகப் பின்னர் நீக்கப்பட்டமையால் 2022 இல் அவர் முதலிடத்துக்கு உயர்ந்தார். அவரும் சிங்ஹாய் மாகாணத்தவர். அவர் இலண்டன் வீதியில் நடந்துகொண்டிருந்த நாளில் அதே மாகாணத்தின் சிறையில் வாங்சென் அடைபட்டிருந்தார். இவ்விருவரையும் எதிரெதிராக நிறுத்துதல் தவறாகும். ஒருவரது கால்களின் ஆற்றலும் மற்றவரது நாவின் உரிமையும் ஒரே மக்களுக்குரியன. முன்னதை உலகம் கைதட்டி வரவேற்கப் பின்னதைக் காண மறுக்குமாயின், அப்பிழை வீராங்கனையினதன்று. பார்த்திருப்போரின் பிழையே அது.

சர்வதேச ஒலிம்பிக் குழு இதனிடையே கற்றுக்கொண்டது யாது என்ற வினாவுக்கு விடை இருவகைப்பட்டது. 2009 இற் சுடரை உலகெங்கும் கொண்டு செல்லும் வழக்கத்தை அது கைவிட்டது. எதிர்ப்பின் காரணத்தை ஆராய்வதற்கு முன்னர் எதிர்ப்புக்கு வாய்ப்பான வீதியே அகற்றப்பட்டது. 2015 யூலை 31 ஆந் திகதி கோலாலம்பூரில் 2022 ஆம் ஆண்டுக் குளிர்கால விழா, அல்மாட்டிக்கு 40 வாக்குகளும் பீஜிங்குக்கு 44 வாக்குகளுமாக, மீண்டும் பீஜிங்குக்கே வழங்கப்பட்டது. விழா நடத்தும் நகரோடு செய்யும் ஒப்பந்தத்தில் மனித உரிமை பற்றிய விதிகள் 2017 இற் சேர்க்கப்பட்டன. ஆனால் அவை 2024 ஆம் ஆண்டு விழா முதலே நடைமுறைக்குரியனவாயின. 2022 விழா அவற்றுக்கு உட்படவில்லை. ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா ஆகியன அரச பிரதிநிதிகளை அனுப்பாது வீரர்களை மட்டும் அனுப்பின. 2023 இல் ஒலிம்பிக் சாசனத்திலேயே சர்வதேச ரீதியாக ஏற்கப்பட்ட மனித உரிமைகள் பற்றிய குறிப்புச் சேர்க்கப்பட்டது. விளையாட்டுக்கும் மனித உரிமைக்கும் தொடர்பில்லை என்ற பழைய நிலைப்பாட்டை அவ்வமைப்பே இவ்வாறு எழுத்தளவிற் கைவிட்டுள்ளது. எழுத்து நடைமுறையாகுமா என்பதை இனி வரும் விழாக்களே காட்டவேண்டும்.

ஆக, அம்தோவின் மேய்ப்பர்கள் 2007 இற் கூறியதை ஒலிம்பிக் சாசனம் ஏற்றுக்கொள்வதற்குப் பதினாறாண்டுகள் சென்றன. இம்மாற்றத்துக்கு இப்படமே காரணம் எனல் பொருந்தாது. பல நாடுகளின் பல போராட்டங்கள் அதற்குப் பின்னணியாய் உள்ளன. ஆயினும் விளையாட்டு விழாவொன்றின் பொருளைத் தீர்மானிக்கும் உரிமை அதனை நடத்துவோருக்கு மட்டும் உரியதன்று, அவ்விழாவின் பெயரால் வாய் அடைக்கப்படுவோருக்கும் உரியது என்பதை இப்படம் நிலைநாட்டியுள்ளது. அதன் கலைக் குறைகள் காலப்போக்கில் மேலும் துலங்கக்கூடும். முகத்தை மறைக்க வேண்டாம் என்று கூறிய அம்மனிதரின் முடிவு மட்டும் பழமையடையப் போவதில்லை. அடுத்த விழாவின் தொடக்கக் காட்சியிலும் வண்ண உடைகள் வரிசையாக வரும். அவ்வேளையில், அவ்வுடைகளுக்குரியோர் எங்கே, அவர்கள் பேச அனுமதிக்கப்பட்டனரா என வினவும் பார்வையாளரை உருவாக்கியிருக்குமாயின், அதுவே இப்படம் ஆற்றிய பணியாகும்.